தீர்த்தத் துறையும் நமது தோட்டத்து ஆறும்

(இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழாவிலே புண்ணிய தீர்த்தங்களைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டுமென்று மன்றத்துச் செயலாளர் எம்மைப் பணித்தார். காசிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய் வந்த பெரியவர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பல்கலைக்கழக மாணவராகிய நாம் பேச முற்படுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அன்றியும் மிஷன் பாடசாலையிலே படித்து வந்த எமக்குக் கங்கையின் கதையைக் கேட்குமுன்பே யோர்தான் நதியின் கதை காதில் விழுந்துவிட்டது. ஆயினும், அங்கே கற்றதும் இங்கே நம் வீட்டிலும் கோயிலிலும் கற்றதும் ஒரு பொருளிலே வந்து சந்திப்பதைக் கண்டமையாலேயே பேசத் துணிந்தோம். குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

அன்பர்களே, 'தீர்த்தம்' என்றால் புனித நீர் என்று இன்று பொருள் கொள்கிறோம். கோயிலிலே பூசகர் நம் கையில் வார்ப்பதும் தீர்த்தந்தான். ஆனால் வடமொழியிலே அச்சொல்லின் முதற்பொருள் வேறு. 'கடத்தல்' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த அச்சொல், ஆற்றிலே இறங்கிக் கடப்பதற்கு ஏற்ற ஆழமில்லாத இடத்தையே முதலிற் குறித்தது. தமிழிலே அதற்கு நேரான சொல் 'துறை' என்பது. ஆற்றைக் கடக்க வந்தவர்கள் அங்கே இறங்கினார்கள், இறங்கினவர்கள் குளித்தார்கள், குளித்தவர்கள் கும்பிட்டார்கள், பின்னர் அங்கே கோயில் எழுந்தது. இக்கரையிலிருந்து அக்கரை செல்லும் இடம், பிறவியைக் கடக்கும் இடத்துக்கு உவமையாயிற்று. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று நம் பெரியோர் மூன்றையும் ஒன்றாகவே வைத்தனர்.

இதிலே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆறு இயற்கையாய் ஓடுவது. துறையோ மனிதர் இறங்கி ஏறி, கல் அடுக்கி, காத்து வருவதனால் உண்டாவது. காப்பார் இல்லாத துறை சில ஆண்டுகளிலே சேறும் புதருமாகிவிடும். இன்று நாம் சொல்லப்போவன எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமையும்.

முதலிலே பாரத நாட்டின் பெருந்துறைகளைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காசியிலே கங்கைக் கரையில் ஏறத்தாழ 84 படித்துறைகள் உள்ளன என்பர். அவற்றுள்ளே தசாசுவமேதமும் மணிகர்ணிகையும் பெயர்பெற்றவை. கேதாரத் துறையிலே 17ஆம் நூற்றாண்டில் நம் குமரகுருபர சுவாமிகள் மடம் அமைத்தார். இன்றும் அங்கே தமிழ் ஒலிக்கின்றது. இந்தூரை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் அம்மையார் 1780இல் விசுவநாதர் ஆலயத்தைத் திரும்பக் கட்டியதோடு கரையிலே படிகளையும் கட்டுவித்தார். காசியின் துறைகள் தாமாகத் தோன்றியவை அல்ல. அரசர் முதல் ஆண்டிகள் வரை தலைமுறை தலைமுறையாகக் கல்லும் காசும் உழைப்பும் இட்டதனால் உண்டானவை என்பது இதனால் விளங்கும்.

பிரயாகையிலே கங்கையும் யமுனையும் கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சரசுவதியும் அங்கே சேர்வதாக ஐதிகம். 2025ஆம் ஆண்டு சனவரி 13 முதல் பெப்ருவரி 26 வரை அங்கே மகா கும்பமேளா நடந்தது. ஒரு மாதமும் பதினைந்து நாளும் கோடிக்கணக்கான மக்கள் ஒரே நதியிலே முழுகியெழுந்தார்கள்.

தமிழ்நாட்டிலே காவிரியின் சிறப்பைச் சொல்லாமல் செல்ல இயலாது. ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறையிலே துலா ஸ்நானம் நிகழும். மாதத்தின் கடைசி நாள் 'கடைமுழுக்கு' எனப்படும். அதற்கு அடுத்த நாளாகிய கார்த்திகை முதல் திகதியை 'முடவன் முழுக்கு' என்று வழங்குகின்றனர். துலா ஸ்நானம் ஆட விரும்பிய ஒரு முடவர் நெடுந்தூரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்தாராம். அவர் வந்து சேர்ந்தபோது ஐப்பசி கழிந்துவிட்டது. அவர் மனம் நொந்து நிற்க, இறைவன் இரங்கி, மறுநாள் முழுகுவோர்க்கும் அதே பலனை அருளினான் என்பது வரலாறு. பிந்தி வந்தவனுக்கும் வர இயலாதவனுக்கும் துறையிலே இடமுண்டு என்பதே இக்கதை நமக்குச் சொல்லும் செய்தி.

இனி நம் இலங்கைக்கு வருவோம். கதிர்காமத்துக்குச் செல்லும் அடியார்கள் மாணிக்க கங்கையில் நீராடிய பின்னரே முருகன் சந்நிதியை அடைகின்றனர். ஆடிவேல் விழாவின் முடிவிலே அந்த ஆற்றிலேதான் நீர்வெட்டு நிகழ்கின்றது. நம் தோட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் அடியார் கூட்டம் அங்கே போகின்றது. தமிழர் மாத்திரமன்றிச் சிங்கள மக்களும் அதே நீரிலே இறங்குகின்றனர். கண்டி எசல பெரகராவின் முடிவிலும் கெட்டம்பேயிலே மகாவலி கங்கையில் நீர் வெட்டப்படுகின்றது. ஆற்றைக் கும்பிடும் வழக்கம் இந்நாட்டில் ஓரினத்தாருக்கு மட்டும் உரியதன்று.

சப்ரகமுவ மாகாணமோ ஆறுகள் பிறக்கும் பூமி. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் சாரல்களிலே ஊறும் நீர்தான் பல பக்கமாக இறங்கி ஆறுகளாகின்றது. களு கங்கை அம்மலைப்புறத்திலே தோன்றி, இரத்தினபுரியைக் கடந்து, களுத்துறையிலே கடலிற் சேர்கின்றது. கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களுக்குக் களனி கங்கையும் அதன் கிளைகளும் நீர் தருகின்றன. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகி, கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியாக ஓடுகின்றது. தெரணியகலையிலிருந்து அவிசாவளைக்கு வரும் சீதாவக்கை ஆற்றைச் சீதாபிராட்டியின் பெயரோடு சேர்த்து மக்கள் பேசுகின்றனர்.

சிவனொளிபாதத்துக்கு ஏறும் அடியார்கள் வழியிலே 'சீத கங்குல' என்னும் ஓடையிலே நீராடுவது பழைய மரபு. சிங்களத்திலே அப்பெயருக்குக் குளிர்ந்த ஆறு என்று பொருள். நம்மவர்கள் அதிலும் சீதையின் பெயரைக் காண்கின்றனர். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை நடக்கும் யாத்திரைக் காலத்திலே, எலும்பு நடுங்கும் அந்த நீரிலே முழுகி, தூய ஆடை உடுத்தி, கரம் குவித்து ஏறுகின்றனர். சைவர் சிவனடி என்றும், பௌத்தர் புத்தர் அடி என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமின் அடி என்றும் போற்றும் அந்த ஒரே மலைக்கு ஏறும் முன், எல்லோரையும் குளிரால் ஒரே விதமாக நடுங்க வைப்பது அந்த ஓடை!

அன்பர்களே, இவையெல்லாம் பெயர்பெற்ற தீர்த்தங்கள். இனிப் பெயர்பெறாத ஒரு தீர்த்தத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது நம் தோட்டத்து எல்லையிலே ஓடும் ஆறுதான்.

காவத்தையிலும், இறக்குவானையிலும், பலாங்கொடையிலும், எட்டியாந்தோட்டையிலும், தெரணியகலையிலும் உள்ள எந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை எடுத்துக்கொண்டாலும் அது தொடங்குவது ஆற்றங்கரையிலேதான். காப்புக் கட்டி விரதம் காத்தவர்கள் அந்திப்பொழுதிலே தப்பும் உடுக்கும் முழங்க ஆற்றுக்கு இறங்குகின்றனர். நீராடி எழுந்ததும், அந்த ஆற்று நீரையே செம்பிலே மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றி, கரகம் பாலிக்கின்றனர். அம்மன் வந்து இறங்குவது அந்தத் துறையிலே. அங்கிருந்துதான் கரகம் லயங்களுக்கு ஊடாகக் கோயிலை வந்தடைகின்றது. விழா முடிந்ததும் கரகமும் முளைப்பாரியும் அந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. நம் வீட்டிலே ஒருவர் இறந்தால் கருமாதிக் கிரியைக்கும் அதே கரைக்குத்தான் போகிறோம். பிறப்பின் தீட்டும் இறப்பின் துயரமும் நாம் கழுவியது வேறெங்கே? காசியிலே கங்கைக் கரையில் நடப்பது எதுவோ, அதுவே இங்கும் நடக்கின்றது. அங்கே கல்லாலான படிகள் உண்டு. இங்கே வழுக்கும் பாறை உண்டு. வேறுபாடு அவ்வளவே.

இவ்வழக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் காவிரிக் கரையிலிருந்தும், வைகைக் கரையிலிருந்தும், தாமிரபரணிக் கரையிலிருந்தும் வந்தவர்கள். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை ஏற்பட்ட பின்னர் அவ்வழியே வந்தார்கள். இராமேஸ்வரத்து 22 தீர்த்தங்களுக்கு மிக அருகாமையிலே வந்தும், பலருக்கு அங்கே ஒரு முழுக்குப் போட நேரமும் இல்லை, காசும் இல்லை. வந்தவர்களுட் பெரும்பாலோர் காவிரியைத் திரும்பவும் காணவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினாலே ஒரு குடும்பத்துக்குள்ளேயே சிலர் அக்கரைக்கும் சிலர் இக்கரைக்குமாகப் பிரிந்தனர். தமக்கென்று ஒரு பேர்ச் நிலமும் இல்லாத அம்மக்கள் பெரட்டுக்கும் பால்வெட்டுக்கும் இடையே கிடைத்த பொழுதிலே, அருகில் ஓடிய ஆற்றைக் காவிரியாகப் பாவித்து, அதன் கரையிலே அம்மனை வரவழைத்தார்கள். அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்துக்களுள்ளே இந்தத் துறை ஒன்று. இதனை நாம் சிறிதென்று எண்ணலாகாது.

"கங்கை எங்கே, நம் ஓயா எங்கே? இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மிஷன் பாடசாலையிலே நாம் கேட்ட ஒரு கதையை அவர்களுக்குச் சொல்லுகிறோம். சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமான் என்பவன் குஷ்டரோகி. இஸ்ரவேலின் தீர்க்கதரிசியாகிய எலிசா, யோர்தானிலே ஏழு முறை முழுகும்படி அவனுக்குச் சொல்லியனுப்பினார். அவனுக்கோ கோபம் வந்துவிட்டது. தன் ஊராகிய தமஸ்குவிலே ஆப்னா, பர்பார் என்னும் நல்ல ஆறுகள் இருக்க, இந்தச் சிற்றாற்றிலா முழுகுவது என்று திரும்பிப் போகப் புறப்பட்டான். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா, இச்சிறிய காரியத்தைச் செய்தால் என்ன என்று அவனுடைய வேலைக்காரர்களே அவனுக்குப் புத்தி கூறினார்கள். அவன் இறங்கி முழுகினான், நோய் நீங்கிற்று. விவிலியம் கூறும் இக்கதையும் மயிலாடுதுறை முடவர் கதையும் தம்முள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள்! ஆற்றின் பெருமை அதன் அகலத்திலே இல்லை; இறங்குகிறவனுடைய பணிவிலே இருக்கின்றது.

ஆனால் முழுகினாற் போதும், பாவம் போய்விடும் என்று நம் சமயம் சொல்லவில்லை. திருநாவுக்கரசு சுவாமிகள் தம் தேவாரத்திலே, இறைவன் எங்கும் உளன் என்று உணராதவர்க்குக் கங்கை, காவிரி, குமரி என எங்கே நீராடியும் பயனென்ன என்று கேட்டிருக்கிறார். தலந்தோறும் நடந்து, தீர்த்தந்தோறும் ஆடியவர் அவர். அத்தகையவரே இதனைக் கேட்டார் என்பதை நாம் மறத்தலாகாது. எங்கும் உளனாகிய இறைவன் நம் தோட்டத்து ஆற்றிலும் உளன் என்று நம்புவோமாயின், அந்த ஆற்றை நாம் நடத்தும் விதம் எப்படி இருக்க வேண்டும்?

இங்கேதான் நாம் வெட்கப்பட வேண்டியிருக்கின்றது. திருவிழா முடிந்த மறுநாட் காலையிலே நம் துறைக்குப் போய்ப் பாருங்கள். பூச்சரம் வந்த பொலித்தீன், கர்ப்பூரப் பெட்டி, ஊதுபத்தி உறை, பிளாஸ்டிக் போத்தல், கருமாதிக்குப் போட்ட பழந்துணி எல்லாம் பாறையிடுக்கிலே சிக்கிக் கிடக்கும். தமிழ்நாட்டிலே தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலும், பாவம் போகுமென்று உடுத்த துணியை ஆற்றிலே விட்டுச் செல்லும் வழக்கத்தால் நதி துன்பப்படுகின்றது. இவை போதாவென்று, மலசலகூடத்துக் கழிவு கானிலே இறங்கி ஓடைக்கு வருகின்றது. இறப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் கலக்கும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் அதுவும் ஆற்றையே சேரும். இரத்தினபுரிப் பக்கத்திலே மாணிக்கக் குழிகளின் சேறு வேறு. நீரிலே எச்சில் உமிழ்வதையும் மலசலம் கழிப்பதையும் பழைய தருமசாத்திரங்கள் விலக்கின. நாமோ ஆற்றைத் தாயென்று பாடிவிட்டு, அவள் மடியிலேயே குப்பையைக் கொட்டுகிறோம்.

"கங்கைக்கு ஏது அசுத்தம்? அவளே எல்லாவற்றையும் தூய்மையாக்குபவள் அல்லவா?" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு மறுமொழியாகக் காசியிலே வாழ்ந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையை எடுத்துக் காட்டலாம். அவர் பெயர் வீரபத்திர மிசிரா. சங்கட மோசன அனுமார் கோயிலின் மகந்தாக இருந்தவர். அதே சமயம் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே நீரியற் பொறியியற் பேராசிரியராகவும் விளங்கினார். நாள்தோறும் துளசித் துறையிலே கங்கையில் முழுகி வழிபடுவது அவரது நியமம். அவரே 1982இல் ஒரு நிறுவனத்தை அமைத்து, கங்கை நீரை எடுத்துச் சோதனைச்சாலையிலே ஆராய்ந்து, அதில் எவ்வளவு மலக்கிருமி இருக்கின்றதென்று உலகுக்குச் சொன்னார். 2013இல் அவர் மறையும் வரை அப்பணி நிற்கவில்லை. காலையிலே தாயென்று கும்பிட்ட நீரையே பகலிலே சோதனைக் குழாயில் இட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்தியின் இரு செயல்கள் என்றே நாம் கொள்ளுகிறோம். தாய்க்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானி வைத்துப் பார்ப்பது தாயை நிந்திப்பதாகுமா?

இந்திய அரசு 1986இல் கங்கைச் செயற்றிட்டத்தைத் தொடங்கியது; 2014இல் 'நமாமி கங்கே' என்னும் பெருந்திட்டத்தையும் தொடங்கியது. குளிப்பதற்கு ஏற்ற நீரிலே 100 மில்லிலீற்றருக்கு மலக்கிருமி 2,500க்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. அப்படியிருந்தும் 2025 கும்பமேளாவின்போது பிரயாகையிலே பல இடங்களில் அந்த அளவு மீறப்பட்டிருந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அளித்தது. மாநில அரசு அதனை மறுத்தது. பெரும் பணத்தாலும் எளிதிலே ஆகாத காரியம் இது. நம் ஓடையோ சிறியது. அழுக்கு எங்கே சேர்கின்றதென்று நடந்து போயே நாம் கண்டுகொள்ளலாம். சிறிய ஆறு வாய்த்தது இவ்வகையிலே நமக்கு நன்மையே.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். ஆறு நம்மோடு நின்றுவிடுவதில்லை. நம் துறைக்குக் கீழே சிங்களக் கிராமத்தார் குளிக்கிறார்கள். பன்சலைக்கு நீர் எடுக்கிறார்கள். அதற்கும் கீழே அம்பத்தலையிலே களனி கங்கை நீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு மக்களுக்குக் குடிநீராகக் கொடுக்கின்றனர். எட்டியாந்தோட்டையிலே நாம் ஆற்றில் விடும் அழுக்குத் தலைநகரத்தின் குழாயை நோக்கிப் போகின்றது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கடமைப்பட்டவன் என்பதை ஆறு நமக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டே ஓடுகின்றது.

மேல், கீழ் என்று சொன்னதனால் மற்றொரு விடயத்தையும் மறைக்காமற் பேசவேண்டும். லயங்களையே சாதி பார்த்துப் பிரித்து, இன்னார் மேற்பீலியில் குளிக்கலாம், இன்னார் கீழ்ப்பீலியில்தான் குளிக்க வேண்டும் என்று வைத்த காலம் நம் தோட்டங்களிலும் இருந்தது. 1927 மார்ச்சு 20ஆந் திகதி மகாராட்டிரத்து மகாத் என்னும் ஊரிலே, பொதுக் குளத்து நீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்காக டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் செல்லவேண்டியிருந்தது. ஆடுமாடு குடிக்கும் குளத்திலே மனிதன் குடிக்கத் தடை! அக்காலம் போய்விட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளுகிறோம். உண்மையிலே முழுவதும் போய்விட்டதா? கரகம் எடுப்பவர் யார், தப்படிப்பவர் எங்கே நிற்க வேண்டும், முதலிலே நீரில் இறங்குபவர் யார் என்ற பேச்சு இன்றும் விழாக் கூட்டங்களிலே தலைகாட்டுகின்றது அல்லவா? நீருக்குத் தெரியாத வேற்றுமையைப் படியிலே நின்று நாம் உண்டாக்குவோமாயின், அந்தப் படிக்குத் தீர்த்தத் துறை என்ற பெயர் தகாது.

நம் தாய்மாரையும் சகோதரிகளையும் நினைக்க வேண்டும். கொழுந்து மலையிலும் இறப்பர்த் தோட்டத்திலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு, விரதமும் காத்து, ஈர உடையோடு கரையேறும் பெண்களுக்கு உடை மாற்ற ஒரு மறைவிடம் எத்தனை துறைகளில் இருக்கின்றது? விழா நாளிலே சில வாலிபர்கள் குடித்துவிட்டு அதே துறையிலே கூத்தடிப்பதை யார் தடுக்கிறார்கள்? அம்மனை அழைக்கும் இடத்திலே நம் அம்மாமார் அஞ்சி நிற்கும்படி விட்டுவைத்தல் எவ்வகை வழிபாடு?

உயிர்க்காப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954இல் பிரயாகை கும்பமேளாவிலே மௌனி அமாவாசையன்று நெரிசலிலே நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். 2025 சனவரி 29ஆந் திகதி, அதே மௌனி அமாவாசையன்று, அதே பிரயாகையிலே மீண்டும் நெரிசல் ஏற்பட்டு 30 பேர் மாண்டதாக அதிகாரிகள் அறிவித்தனர். நம் துறையிலே அவ்வளவு கூட்டம் இல்லை. நமக்குள்ள ஆபத்து மழையால் வருவது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இரத்தினபுரி. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி உண்டாக்கிய அழிவை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலோடு வந்த மழையிலே களனி கங்கையும் கரை கடந்தது. மலையிலே பெய்த மழை, இங்கே வானம் வெளித்திருக்கும்போதே ஆற்றிலே திடீரென்று வந்து சேரும். அன்றியும் வெள்ளம் வடிந்த சேற்று நீரிலே எலிக்காய்ச்சற் கிருமி இருக்கும். காலிலுள்ள சிறு காயம் வழியாக உடம்பினுட் புகும். 2008இல் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோயாற் பீடிக்கப்பட்டதாக ஐயுறப்பட்டது. நமது இரண்டு மாவட்டங்களும் அந்நோய் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களுட் சேர்ந்தவை.

ஆகவே, அன்பர்களே, பேச்சோடு நில்லாமல் நம் மன்றம் வரும் ஆண்டிலே செய்யத்தக்க ஐந்து காரியங்களைச் சபை முன் வைக்கிறோம்.

முதலாவது, திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும், பிந்திய ஞாயிற்றுக்கிழமையும் துறையிலே சிரமதானம். விழாவுக்கு முன் கூடுவது நம் வழக்கம். விழாவுக்குப் பின்னும் கூடவேண்டும் என்பதே புதிது.

இரண்டாவது, ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் பூசைப் பொருட்களில் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் இல்லாமற் பார்த்துக்கொள்ளல். பூவும் வேப்பிலையும் தேங்காயும் ஆற்றுக்குப் புதியவை அல்ல. பழந்துணியை ஆற்றில் விடாமல் கரையிலே ஒரு குழியில் இடுவதற்குப் பெரியோர்களும் பூசகர்களும் இசைவு தரவேண்டும்.

மூன்றாவது, துறைக்குப் படியும் கைபிடியும், பெண்கள் உடை மாற்றுவதற்குத் தகரத்தால் ஒரு மறைவிடமும் அமைத்தல். முன்பு பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளே தம் நிதியைச் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அத்தடை நீங்கியுள்ளது. ஆதலால் தோட்டத் துரையிடமும் பிரதேச சபையிடமும் எழுத்து மூலம் விண்ணப்பிக்க நமக்கு உரிமையுண்டு. கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

நான்காவது, கரகம் பாலிக்கும் அந்தியிலே துறையின் குறுக்கே கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த இளைஞர் நால்வரைக் காவலுக்கு நிறுத்துதல். அந்த நால்வரும் அன்று மது அருந்தாதவராய் இருத்தல் வேண்டும். ஆறு பெருகி நிற்குமாயின், காவலர் குடத்திலே மொண்டு தரும் நீரைக்கொண்டு கரையிலேயே கரகம் பாலிக்கலாம். அம்மன் அதற்காகக் கோபிக்கமாட்டாள். முடவருக்கு இரங்கிய இறைவனே நமக்கும் இறைவன்.

ஐந்தாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, நம் ஆற்று நீரை ஆண்டுக்கொருமுறை சோதனை செய்வித்து, அதன் முடிவைக் கோயில் அறிவித்தற் பலகையிலே ஒட்டுதல். இதனை நாம் தனித்துச் செய்யாமல், கீழ்க் கிராமத்துச் சிங்கள இளைஞர்களையும் பன்சலைப் பெரியோரையும் உடன் சேர்த்துக்கொள்ளல் நலம். தோட்டத்தானும் கிராமத்தானும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த காலங்கள் இருந்தன. ஒரே ஆற்றைச் சுத்தம் செய்வதற்காகக் கூடுவோமாயின் அந்த ஐயமும் சிறிது கரையும்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் மண்வெட்டிகளும் மனமும் போதும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் குடியுரிமையும் நிலமும் இல்லாதிருந்த காலத்திலே இந்தத் துறையை உண்டாக்கித் தந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. வாக்குரிமையும் கல்வியும் பெற்ற நாம், அவர்கள் உண்டாக்கியதைக் காப்பதற்கும் வலியற்றவர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

காசிக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் போய் வாருங்கள். கங்கையை எங்களுக்காகவும் ஒருமுறை கும்பிட்டு வாருங்கள். போக இயலாதவர்கள் மனந்தளர வேண்டாம். வருகின்ற திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு நம் ஆற்றங்கரைக்கு வந்து சேருங்கள்.

மாரியம்மன் திருவருள் எல்லோருக்கும் உண்டாவதாக.